தொட்டில் ஃபேன்

வாங்க, உக்காருங்க. அந்தச் சேருல வேண்டாமுங்க, அது ஆடும். இப்பிடி எதுக்கால வாங்க, மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நெனைக்கப்படாது. உங்கள யாரு அனுப்புனாங்க? சும்மா கேட்டனுங்க. போன் சட்டைப் பையில இருக்குதுங்களா? அத அந்த ஸ்டூலு மேல கவுத்து வெச்சுருங்க. நீங்க ரெக்கார்டு பண்றீங்கன்னு நான் சொல்லல. பண்ணலைங்கறது எனக்குத் தெரியோணுமில்லீங்களா.

கோபியிலிருந்து வர்றீங்க. பொண்ணுக்குத் தாய்மாமன். மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. சரீங்க, நல்லதுதான். வேலை செஞ்ச எடம், குடியிருந்த வீதி, டீ குடிச்ச பேக்கரின்னு நாலு பக்கம் விசாரிச்சுட்டுத்தான் அவங்க ஊட்டுல கை நனைக்கோணும். நானும் என்ற பொண்ணுக்கு அப்பிடித்தான் விசாரிச்சேன். மாப்பிள்ளை ஊட்டு மாட்டுப் பால் எந்தச் சொசைட்டிக்குப் போகுதுங்கற வரைக்கும் விசாரிச்சேன். எங்கூட்டுக்காரி, ஏனுங்க, மாட்டுக்கும் சேத்தியா பொண்ணுக் குடுக்கறோம்னு கேட்டா. அவளுக்கு இந்த வெவரமெல்லாம் தெரியாது.

யுகேந்திரனப் பத்திக் கேக்கோணும்னா நீங்க வந்தது சரியான எடம். அவன் எஞ்சினீயருக்குப் படிச்சு முடிச்சதும் மொதல்ல வந்து நின்னதே இந்தப் பட்டறையிலதான். அவனாட்ட வேலைக்காரன நான் பாத்ததில்லீங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன், நாளைக்கு நான் ஓரவஞ்சனையாப் பேசுனேன்னு யாரும் சொல்லப்படாது. ஆனா வேலை தெரிஞ்சவனத்தான் நம்பப்படாது. வேலை தெரியாதவன் நம்மள என்னங்க பண்ணிப்போடுவான்?

நாங்க கிரைண்டர் மோட்டார் போடறவங்க. போர்டப் பாத்திருப்பீங்க. தெய்வசிகாமணி எலக்ட்ரிக்கல்ஸ்னா சின்னவேடம்பட்டியில தெரியாதவங்க இல்ல. ஆனா அந்தத் தொழில் படுத்துப்போச்சுங்க. இப்ப யாரு மாவாட்டறாங்க? கடையில பாக்கெட்டு வாங்கறாங்க. பட்டறைய இழுத்து மூடறதா, வேண்டாமான்னு நான் வெசனப்பட்டுட்டிருந்த சமயத்துலதான் இந்தப் பையன் ஒரு நாள் வந்து சொன்னான். சார், பட்டாளத்துக்கு ட்ரோன் கேக்கறாங்க, சின்ன ட்ரோன், ஆயிரக்கணக்குல கேக்கறாங்கன்னான். மலைக்கு அந்தப் பக்கம் எவன் நிக்கறான்னு எட்டிப் பாத்துட்டு வர்றதுக்கு. சுட்டுப்போட்டாலும் அடுத்தத எடுத்துப் பறக்க விடோணும், அதனால வெலை கம்மியா இருக்கோணும். இது ஏரோப்ளேன் கம்பெனிக்காரங்க செய்யற வேலையில்லீங்க சார், கிரைண்டர் மோட்டார் போடறவங்க செய்யற வேலைன்னான். எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சுல போய் ஒக்காந்துக்கிச்சு. ஏன் இவ்வளவு நல்லாப் பேசறான்னு அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க. இருந்தாலும் சரின்னுட்டேன்.

டெண்டருக்குப் போட்டவங்க எத்தனையோ பேரு. ஒவ்வொரு கட்டமாக் கழிச்சுக் கழிச்சு, எங்கூருல கடைசியா நின்னது ரெண்டே பேரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு மருதாசலம். அவன் பம்பு செட்டுக்காரன், சரவணம்பட்டிப் பக்கம் பெரிய ஷெட்டு வெச்சிருக்கான். நானும் அவனும் ஒரே ஐடிஐயில படிச்சவங்க. அப்பவே பரிச்சையில என்ற பேப்பரப் பாத்து எழுதுனவன். நானும் அவன் பேப்பரப் பாத்தேன்னு சொல்லுவான், நம்பாதீங்க.

இப்ப எங்கூரு தொழில் எப்பிடின்னு உங்களுக்குச் சொல்லோணும். இங்க ஒரு பொருள ஒருத்தனே முழுசாச் செய்ய மாட்டான். வார்ப்பு ஒரு எடம், கடைசல் ஒரு எடம், காயில் சுத்தறது ஒரு எடம், பெயிண்டு ஒரு எடம். ஜாப் ஒர்க்குன்னு டெம்போவுல ஏத்தி அனுப்பிச்சுட்டே இருப்போம். எனக்கு மோல்டிங் போடறவந்தான் மருதாசலத்துக்கும் போடறான். எனக்குப் பெயிண்டு அடிக்கறவந்தான் அவனுக்கும் அடிக்கறான். அப்பறம் எங்கீங்க ரகசியம் தங்கும்? காலையில நான் ஒரு பாகத்தோட படத்தைக் குடுத்தா, சாயங்காலம் பேக்கரியில அதப் பத்திப் பேச்சு ஓடும்.

அதனால நான் ஒரு ரோசனை பண்ணுனேன். இது என்ற சொந்த மூளைங்க. எவங்கிட்டயும் ட்ரோன்னு சொல்றதில்ல. காயில் சுத்தற அம்மிணிகிட்ட ஜூஸ் மிக்ஸின்னேன். மேல்கூடு செய்யறவங்கிட்ட டார்ச் லைட்டுன்னேன். றெக்கைய அச்சுல அடிச்சுத் தர்றது கணபதி ஏரியாவுல கிட்டுசாமி. பிளாஸ்டிக் மோல்டிங் போடறவன். எனக்கு முப்பது வருசப் பழக்கம், என்ற பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தியில நின்னு பரிமாறுனவன். அவங்கிட்ட, இது கொழந்தைங்க தொட்டில்ல மாட்டற சின்ன ஃபேனுக்குன்னு சொல்லிப்போட்டேன். யுகேந்திரன் அப்பவே மூஞ்சியச் சுளிச்சான். சார், கிட்டுசாமி அண்ணங்கிட்டயாவது உள்ளதச் சொல்லீருங்க, என்னத்துக்குன்னு தெரிஞ்சாத்தான் அவரு சரியாச் செய்வாருன்னான். பாத்தீங்ளா? கிட்டுசாமிகிட்ட எதுக்கு அவன் உண்மையச் சொல்லச் சொல்றான்? அங்கதான் எனக்கு மொதல் சந்தேகம்.

இல்லீங்க, சித்த இருங்க. அந்த வெள்ளை வண்டி ரொம்ப நேரமா அங்கயே நிக்குதே, உங்களுதுங்களா? சரி, அப்பச் சரி.

என்ன சொல்லிட்டிருந்தேன், றெக்கை. அந்த ட்ரோன்ல நாலு றெக்கை இருக்குதுங்க. ரெண்டு வலப்பக்கமாச் சுத்தும், ரெண்டு எடப்பக்கமாச் சுத்தும். நாலும் ஒரே பக்கமாச் சுத்துனா அது நேரா நிக்காது, தட்டாமாலை சுத்திப்போடும். அதனால றெக்கையும் ரெண்டு தினுசு. ஒண்ணக் கண்ணாடியில பாத்தா எப்பிடித் தெரியுமோ அப்பிடி இன்னொண்ணு. யுகேந்திரன் ரெண்டு படம் போட்டுக் குடுத்தான், நானே கொண்டுபோய்க் கிட்டுசாமிகிட்டக் குடுத்தேன். மாதிரிக்குச் செஞ்ச ட்ரோன் வெளியில வாங்குன றெக்கையில ஜம்முன்னு பறந்துச்சு. இந்தப் பட்டறைக் கூரைக்கு மேல அது நின்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. அவன் என்ற தோள்ல கை வெச்சு, சார், நம்ம ஜெயிச்சுருவோம்னான். என்ற சொந்த மகன் பெங்களூருல இருக்கறான். அவன் என்ற தோள்ல கை வெச்சு எத்தன காலமாச்சு.

அதுக்கப்பறம்தான் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. ஒரு நாள் கிட்டுசாமி போன் பண்றான். ஏனுங்க, அந்த ரெண்டாவது படம் மாத்திப் போட்டாப்பல இருக்குதே, அப்பிடின்னு ஆரம்பிக்கறான். நான் பட்டுன்னு கட் பண்ணிப்போட்டேன். போன்ல அதப் பேசலாமுங்களா? மருதாசலம் ஒட்டுக் கேக்க ஆள் வெச்சிருந்தா? அதோட விட்டானா, அடுத்த நாள் நேர்லயே வந்துட்டான், கையில ஒரு றெக்கையோட. ரெண்டாவது படம்னு மறுக்கா ஆரம்பிச்சான். எனக்குச் சுருக்குன்னுச்சு. முப்பது வருசமாப் படத்தப் பத்தி ஒரு கேள்வி கேக்காதவன், இப்ப மட்டும் என்ன துருவித் துருவிக் கேக்கறான்? படத்துல இருக்கறதச் செய்யி, உனக்குத் தெரியாததா, பாத்துச் செய்யின்னு சொல்லித் தாட்டி விட்டேன். சரீங்க, நான் பாத்துக்கறேன்னு போயிட்டான்.

இதுக்கு நடுவுல நான் என்ற கண்ணால ஒண்ணு பாத்தேன். சத்தி ரோட்டுப் பேக்கரியில யுகேந்திரனும் மருதாசலத்தோட மானேசரும் ஒண்ணா நின்னு டீ குடிச்சுட்டிருக்கறாங்க. ஆளுக்கொரு தேங்கா பன்னு வேற. அன்னைக்கே அவனக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறைக்கவே இல்லீங்க, ஆமா சார், அங்க போனா ரெண்டு மடங்கு சம்பளம் தர்றேன்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன்னான். நீங்களே சொல்லுங்க, ரெண்டு மடங்கு சம்பளத்த எவனாவது வேண்டாம்பானா? கல்யாணமாகாத பையன், வாடகை ஊட்டுல குடியிருக்கறவன். வேண்டாம்னான்னா என்ன அர்த்தம்? இங்க உள்ள இருந்துக்கிட்டே அவங்களுக்கு வேலையக் காட்டறான்னு அர்த்தம். அது எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஆனா காட்டிக்கல. நானும் லேசுப்பட்டவன் இல்லீங்க.

டெண்டருக்குக் கடைசிப் பரிச்சை வடக்க, பாலைவனத்துப் பக்கம் ஒரு பொட்டல்காட்டுல. அங்க என்ன கண்டிசன்னா, ட்ரோன முழுசா மாட்டிப் பூட்டிக் கொண்டுபோகப்படாது. பாகமெல்லாம் மூட்டை மூட்டையா, பொட்டி பொட்டியாக் கொண்டுபோகோணும். ஆபீசருங்க எந்தப் பொட்டியக் கை காட்டறாங்களோ அதத் தொறந்து, அவங்க கண்ணு முன்னாலயே இருவது ட்ரோன் பூட்டிப் பறக்க விடோணும். நாளைக்கு ஆயிரமாயிரமாச் செய்ய முடியுமான்னு பாக்கறதுக்கு. இப்பச் சொல்லுங்க, அந்தப் பொட்டிகள நான் யார நம்பி விட முடியும்? கிட்டுசாமிகிட்ட இருந்து றெக்கைப் பொட்டிக வந்ததும் நேரா என்ற ஊட்டுச் சாமி ரூமுல வெச்சுப் பூட்டிப்போட்டேன். சாவி என்ற அரைஞாண் கயித்துல. எங்கூட்டுக்காரி வெளக்கு வெக்கோணும்னாக் கூட நான் வந்து தொறந்து விடோணும்.

யுகேந்திரன் வந்து வந்து கேட்டானுங்க. சார், ஒரு பொட்டியத் தொறங்க, ஒரு ட்ரோனாவது இந்த றெக்கை போட்டுப் பாத்துக்கலாம்னு. நான் விடலீங்க. தொறந்தான்னா ரெண்டு றெக்கைய எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்குவான், பொழுது விடியறதுக்குள்ள அது மருதாசலம் மேசையில இருக்கும். ரயிலேறுன அன்னைக்கும் கேட்டான். ரயிலுக்குள்ளயும் கேட்டான். அந்த அவசரத்தப் பாத்தாலே தெரியலீங்களா? மனசுல ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு அப்பிடித் தவிக்கறான்?

சிரிக்கறீங்களா? இல்ல, நீங்க சிரிச்சாப்பல இருந்துச்சு. காப்பி சூடா இருக்குதுங்களா? குடிங்க, குடிங்க, என்ற முன்னாலதான் ஊத்துனாங்க.

அந்த வெயிலு நம்மூரு வெயிலு இல்லீங்க. பந்தலு போட்டு ஆபீசருங்க ஒக்காந்திருந்தாங்க. அந்தப் பக்கம் மருதாசலம் ஆளுங்க. நம்ம முறை வந்துச்சு, பொட்டியக் கை காட்டுனாங்க, ஒடைச்சோம். யுகேந்திரன் ஒரு றெக்கைய எடுத்தான், இன்னொண்ண எடுத்தான், ஒண்ணு மேல ஒண்ண வெச்சுப் பாத்தான். அவன் மூஞ்சி போன போக்க நான் இன்னும் மறக்கலீங்க. அத்தனையும் ஒரே தினுசு. வலப்பக்க றெக்கை. எடப்பக்க றெக்கை மருந்துக்குக் கூட இல்ல. எல்லாப் பொட்டியும் அப்பிடித்தான். ஆபீசரு மணியப் பாத்தாரு, ஒண்ணு பூட்டி விட்டோம், அது எந்திரிக்கறதுக்குள்ளயே குப்புற அடிச்சு மண்ணுல விழுந்துச்சு.

அவன் ஓடி வந்தானுங்க எங்கிட்ட. சார், உங்க பையில மாதிரிக்குச் செஞ்ச ட்ரோன் இருக்குதில்ல, அதோட றெக்கையக் குடுங்க, ஒண்ணையாவது பறக்க விட்டுக் காட்டுவோம், ஆபீசருகிட்ட நான் கேட்டுட்டேன், சரின்னுட்டாருன்னான். அது என்ற பையிலதான் இருந்துச்சு. ஆனா மருதாசலம் ஆளுங்க அத்தன பேரும் எங்களயே பாத்துட்டு நிக்கறாங்க. அந்த எடத்துல அத எடுத்து இவன் கையில குடுத்தா என்னாகும்? இல்ல, ரூமுலயே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லிப்போட்டேன். அவன் என்ற பையப் பாத்தான். என்னையப் பாத்தான். நேரா ஆபீசருகிட்டப் போனான், தப்பு என்னுதுங்க, றெக்கைய நாந்தான் சரி பாத்திருக்கோணும், எங்க சார் மேல தப்பில்லைன்னு இந்தியில சொன்னான். எனக்கு இந்தி தெரியாது. பக்கத்துல இருந்த தமிழ் ஆபீசரு எனக்கு எடுத்துச் சொன்னாரு. கேட்டுக்கிட்டீங்ளா? அவனே ஒத்துக்கிட்டான். நூறு பேரு முன்னால ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல சாட்சி வேணுமுங்களா?

ஆர்டரு மருதாசலத்துக்குப் போச்சு. ஊருக்கு வந்ததும் நான் நேராக் கணபதிக்குப் போய்க் கிட்டுசாமி சட்டையப் புடிச்சுட்டேன். அவன் அழுகறான். தொட்டில் ஃபேனுக்கு எதுக்குங்க எடப்பக்க றெக்கை, அது காத்தச் செவுத்துப் பக்கமா அடிக்கும், கொழந்தைக்குக் காத்தே வராதுங்களேங்கறான். படம் போட்ட பையன் மாத்திப் போட்டுட்டான்னு நெனச்சு, கேக்க வந்தேன், நீங்க பாத்துச் செய்யின்னீங்க, நானே திருத்தி எல்லாத்தையும் ஒரே மாதிரி அடிச்சுட்டனுங்கங்கறான். ரெண்டாவது அச்சு செலவு கூட உங்களுக்கு மிச்சம் பண்ணுனனுங்கங்கறான். என்ன ஒரு நடிப்பு. ஏன்டா, மருதாசலத்துக்கு மட்டும் ரெண்டு தினுசும் சரியா அடிச்சுக் குடுத்திருக்கறயேன்னு கேட்டேன். அவரு ட்ரோனுக்குன்னு சொன்னாருங்களேங்கறான். பாருங்க, எப்பிடி ஒரு பதிலு தயாரா வெச்சிருக்கறான். அவனுக்கு அந்த மூளை கெடையாது. சொல்லிக் குடுத்தது இந்த எஞ்சினீயருதான்.

யுகேந்திரன் அதுக்கப்பறம் வரலீங்க. வரலைன்னா, வந்தான். ஒரு வாட்டி வந்து இந்த வாசல்ல நின்னான். நான் உள்ள கூப்பிடல. சார், அடுத்த வருசம் மறுக்கா டெண்டர் வருமாம், நம்ம ட்ரோன் நல்ல ட்ரோன், மறுக்கா போடலாம்னான். மருதாசலத்துக்கிட்டப் போயிக் கேளுன்னு சொல்லிப்போட்டேன். ஆனா அவன் அங்கயும் போகல. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு ட்ரோன்ல மருந்தடிக்கற வேலை பாக்கறான்னு கேள்வி. ஏன் மருதாசலத்துக்கிட்டப் போகல? போனா ஊரு கண்டுபுடிச்சுரும்ல. ஒதுங்கி இருக்கறானாம். எம்பட கணக்குக்கு அவன் பொள்ளாச்சியில இருக்கறதும் ஒரு திட்டந்தான்.

ஆச்சுங்க, இதுதான் நடந்தது. ஒண்ணு விடாமச் சொல்லிப்போட்டேன். நடந்ததுல நான் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. எனக்குப் பொய் சொல்ல வராது. இனி பொண்ணுக் குடுக்கறதும் குடுக்காததும் உங்க பாடு. குடிக்க மாட்டான், பீடி சிகரெட்டு இல்ல. அவங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராத்திரி முழுக்க அங்க இருந்துட்டு காலையில பட்டறைக்கு வந்துருவான், ஒரு நா கூட லீவு கேக்கல. அதெல்லாம் உண்மைதான். ஆனா ஆளு நம்பகமான ஆளில்ல.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? காப்பியக் குடிச்சு முடிக்கவே இல்லியே.

என்ன சொன்னீங்க? மறுக்காச் சொல்லுங்க.

அவனே அனுப்புனானா? நான் கேட்டப்ப ஏனுங்க சொல்லல? சரி, நான் அடுத்த பேச்சுக்குப் போயிட்டேன். என்னன்னு சொல்லி அனுப்புனான்? அவன் சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லுங்க, நீங்களா எதையும் சேக்காதீங்க. என்னையப் பத்தித் தெரியோணும்னா எங்க சாரக் கேளுங்க, கோவமாத்தான் பேசுவாரு, ஆனா நடந்தத நடந்தபடி சொல்லிருவாருன்னா சொன்னான்? எங்க சார்னா சொன்னான்? இன்னுமா?

இதுல அவனுக்கு என்னங்க லாபம்? நான் அவனப் பத்தி நல்லதாச் சொல்ல மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பறான். பொண்ணு வேண்டாம்னு நெனைக்கறானா? இல்லியா? புடிச்சிருக்குதாமா? அப்பறம் எதுக்கு இந்தச் சம்பந்தத்த என்ற கையில கொண்டாந்து குடுக்கறான்? என்னைய நம்பியா? எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. ஒரு நிமிசம் இருங்க, எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்.

சரி, என்ன முடிவுக்கு வந்திருக்கீங்க? அத மட்டும் சொல்லீட்டுப் போங்க.

குடுக்கறீங்களா? எப்ப முடிவு பண்ணுனீங்க? இப்பவா? இங்க ஒக்காந்தா? ஏனுங்க, இவ்வளவு நேரம் நான் பேசுனதக் கேட்டீங்களா இல்லியா? நான் பேசுனதக் கேட்டுத்தானா? நான் அவனப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லலியேங்க. அப்பிடி நான் என்னதாஞ் சொல்லிப்போட்டேன்?

சரி, போங்க. போனை எடுத்துக்குங்க, அது ஸ்டூலு மேல இருக்குது. படியில பாத்து எறங்குங்க.

ஏனுங்க, ஒரு நிமிசம். கல்யாணப் பத்திரிக்கை அடிப்பீங்கல்ல? எனக்கு வெக்கறதா இருந்தா அவன நேர்ல வரச் சொல்லுங்க. போஸ்ட்ல போட வேண்டாம், வேற யார் கையிலயும் குடுத்தனுப்ப வேண்டாம். மத்தவங்க கையில குடுத்தா அது என்ற கைக்கு வந்து சேரும்னு எனக்கு நம்பிக்கை இல்லீங்க.